மூன்று வண்டி, நாலு டீ

திருப்பனந்தாள்
20.11.2024

தம்பி செழியனுக்கு அக்கா சாவித்திரி எழுதுவது. இங்கே நானும் என் பெண் செம்மொழியும் நலம். உன் மச்சானின் நலம் உனக்கே தெரியும், நீ செய்துவைத்த நலம்தானே. அங்கே கயல்விழி நலமாக இருக்கட்டும். நீ எப்படியும் நன்றாகத்தான் இருப்பாய்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பாய். ஆயுத பூசைக்கு மறுநாள், "சும்மா ஒரு ரவுண்டு வாங்க மச்சான்" என்று இவரை உன் புல்லட்டில் பின்னால் ஏற்றிக்கொண்டு போனாய். போன மனுஷர் வலது தோளில் கட்டோடு ஆட்டோவில் வந்து இறங்கினார். அன்றைக்கே எங்கள் தெரு மாரியம்மன் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்தேன். அந்த வண்டி உன் வீட்டில் நிற்கும்வரை உன்னோடு பேசமாட்டேன். இதுவரை பேசவும் இல்லை. எழுதமாட்டேன் என்று மட்டும் நான் அம்மனிடம் சொல்லவில்லை.

கயல்விழியோடு தினமும் பேசுகிறேன். உன்னைத் திட்டுவதை அவளிடம் சொல்லி அனுப்பினால், புருஷன் மேல் இருக்கிற பாசத்தால், திட்டில் பாதியைக் குறைத்துவிட்டுத்தான் உன்னிடம் சொல்கிறாள். அது எனக்குக் கட்டுப்படியாகவில்லை. அதனால்தான் தபால் ஆபீசுக்குப் போய்க் கவர் வாங்கினேன்.

சம்பா நட்டாயிற்று. களையெடுக்க ஆள் தேடும் நேரத்தில், இவர் கையைத் துணியில் கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு வரப்பில் நிற்கிறார். நாற்பத்து நாலு வயசுக்காரனுக்கு எதற்கடா புல்லட்டு? விற்றுத் தொலை. விற்ற அன்றைக்கே வாய் நிறையப் பேசுகிறேன்.

கயல்விழிக்கு என் அன்பு. உனக்கு ஒன்றும் இல்லை.

சாவித்திரி


நன்னிலம்
02.12.2024

அன்புள்ள அக்காவுக்கு, நீ அன்பு அனுப்பாத தம்பி எழுதுவது. நாங்கள் சுகம். கயலுக்கு மட்டும் கொஞ்சம் சளி.

உன் கடிதம் வந்தது. குரல் இல்லாவிட்டாலும் எழுத்தே உரக்கத்தான் இருக்கிறது. நான் படிப்பதைப் பார்த்து, "என்னங்க, அண்ணி சத்தம் இங்க வரைக்கும் கேக்குது" என்று கயல் சிரித்தாள்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். குறுவை நெல்லைத் தார்ச்சாலையில் பரப்பிக் காயப்போட்டிருந்தார்கள். நான் போனது சைக்கிள் வேகம்தான், சத்தியமாக. நெல்லில் சக்கரம் சறுக்கியது. நான் நெல் குவியலில் விழுந்தேன், மச்சான் மைல்கல்லில் விழுந்தார். "நீ மட்டும் மெத்தை பாத்து விழுந்துட்டியேடா" என்று வலியிலும் சிரித்தார். அவருக்கே என் மேல் கோபம் இல்லை.

மச்சான் தோளுக்காக எத்தனை திட்டினாலும் வாங்கிக்கொள்கிறேன். வண்டியை மட்டும் விற்கச் சொல்லாதே. நம் அப்பா கூலிக்குப் போன காலத்தில், பண்ணைத் தெரு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போவார். பின்னால் உட்கார்ந்திருந்த நீயும் இறங்கி நடந்திருக்கிறாய். அதே தெருவில் இன்றைக்கு நான் புல்லட்டில் போகிறேன், எவனும் ஏன் என்று கேட்பதில்லை. அந்தச் சத்தம் எனக்கு வேண்டியிருக்கிறது, அக்கா.

மழை விடட்டும், மச்சானை வந்து பார்க்கிறேன். நீ சமையற்கட்டில் இருந்துகொள்.

செழியன்


திருப்பனந்தாள்
13.01.2025

தம்பிக்கு, எல்லாரும் சௌக்கியம். பொங்கலுக்கு வெள்ளையடித்ததில் எனக்கு இடுப்பு போயிற்று, அவ்வளவுதான்.

பதில் எழுத நாளாகிவிட்டது. அப்பா சைக்கிளைப் பற்றி எழுதியிருந்தாய். அந்தப் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை படித்தேன். விடு.

நல்ல செய்தி. செம்மொழிக்கு இடம் முடிந்துவிட்டது. மாப்பிள்ளை மயிலாடுதுறையில் மருந்துக்கடை வைத்திருக்கிறார். வைகாசியில் கல்யாணம். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். முதல் பத்திரிகை தாய்மாமனுக்கு. பெண்ணைப் பெற்றவள் தட்டோடு தம்பி வாசலில் நின்று, மூன்று தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டுக் கொடுக்கவேண்டும். பெயர் சொன்னால் பேசியதாகிவிடும், சத்தியம் போய்விடும். அதனால் உனக்கு மட்டும் தபாலில் வரும்.

இவருக்கு எலும்பு கூடிவிட்டது என்கிறார் டாக்டர். ஆனால் வலது கை நெஞ்சுக்கு மேலே எழும்பவில்லை. "தூக்கிப் பாருங்க, ஒண்ணும் ஆகாது" என்று டாக்டரும் சொல்கிறார். இவர் தூக்கமாட்டேன் என்கிறார். வயலுக்கும் போவதில்லை. இந்தத் தடவை ஆளை வைத்துத்தான் அறுவடை. டி.வி.யில் எது ஓடினாலும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

உனக்கும் கயல்விழிக்கும் பொங்கல் வாழ்த்து. பண்டிகை நாள் என்பதால் உன்னையும் சேர்த்துக்கொண்டேன்.

சாவித்திரி


நன்னிலம்
26.01.2025

அன்பு அக்கா, இங்கே இரண்டு பேரும் சுகம். செம்மொழி கல்யாணச் செய்தியில் கயல் துள்ளிக் குதித்தாள். நானும்தான்.

ஆனால் ஒன்று. தபாலில் பத்திரிகை வந்தால், மாலையும் தபாலில்தான் வரும். தாய்மாமனை வாய் திறந்து கூப்பிட்டால் வருவேன், இல்லாவிட்டால் வரமாட்டேன். உனக்கு அம்மன் என்றால் எனக்கும் ரோஷம் இருக்கிறது.

இன்னொரு செய்தி. அறுவடை முடிந்து உளுந்தும் தெளித்தாயிற்று. பிப்ரவரியில் நாங்கள் ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போகிறோம். வண்டிகளை ரயிலில் ஜோத்பூர் வரை ஏற்றிவிட்டு, அங்கிருந்து ஜெய்சல்மேர், பிகானேர் என்று ஒரு பெரிய சுற்று. மூன்று புல்லட். ஒன்றில் நான். ஒன்றில் கூத்தாநல்லூர் லியாகத் அலி. இரும்புக்கடை வைப்பதற்கு முன் பத்து வருஷம் குவைத்தில் இருந்தவர், மணல் என்றால் தனக்குத்தான் தெரியும் என்கிறார். இன்னொன்றில் பூகோள வாத்தியார் இளம்பரிதி. ஜோத்பூரில் நம் குடவாசல் ராஜராஜன் பட்டாளத்தில் இருக்கிறான். அவன் விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன், திட்டுவதை அங்கே அனுப்பலாம்.

மச்சான் காசி யாத்திரைக் கோஷ்டியோடு போகிறாராமே? கயல் சொன்னாள். நல்லது, நல்லது. மிகவும் நல்லது. புண்ணியம்.

செழியன்


திருப்பனந்தாள்
03.02.2025

தம்பிக்கு, நலம். பாலைவனத்துக்குப் போகிறவனுக்கு என் திட்டு எதற்கு, சூரியனே பார்த்துக்கொள்ளும்.

ஆமாம், உன் மச்சான் காசிக்குப் போகிறார். கும்பகோணம் போய்க் கறுப்புக் கண்ணாடி வாங்கிவந்தார். கங்கைக்கரையில் வெயில் அதிகமாம். கையுறை வாங்கியிருக்கிறார். குளிராம். வெயிலும் குளிரும் ஒரே நேரத்தில் அடிக்கிற ஊர் போலிருக்கிறது. மூட்டையைக் கட்டும்போது ஏதோ ஒரு பாட்டை முனகினார். இந்த வீட்டில் பாட்டுச் சத்தம் கேட்டு மாதக்கணக்காகிறது. சர்க்கரை மாத்திரையை எடுத்து வைத்தேன்.

நீ உன் வண்டியில் தனியாகத்தானே போகிறாய், பின்னால் யாரும் இல்லையே. இருந்தாலும் மெதுவாகப் போ. பள்ளம் மேடு பார்த்துப் போ. திருப்பத்தில் இன்னும் மெதுவாகப் போ.

சாவித்திரி


ஜெய்சல்மேர்
11.02.2025

அன்பு அக்காவுக்கு, சுகமாக வந்து சேர்ந்தோம். உடம்புக்கு ஒன்றும் இல்லை, உட்காருகிற இடம்தான் மரத்துவிட்டது.

அக்கா, இந்த மண்ணை எப்படிச் சொல்வது! வரப்பு இல்லை. வாய்க்கால் இல்லை. கண் போகிற வரைக்கும் யாரும் யாருக்கும் எல்லை போடாமல் கிடக்கிறது. ரோடு நூல் பிடித்தது மாதிரி நேராகப் போகிறது. மூன்று வண்டியும் வரிசை கட்டினால் மனசு விசிலடிக்கிறது. ரோட்டில் காற்று மணலைக் கொட்டிவைத்திருக்கும் இடங்களில் மட்டும் காலை ஊன்றி ஊன்றிப் போகிறேன். நெல்லில் பட்டவன் மணலில் பட வேண்டாம் பார்.

இளம்பரிதி மணல்மேட்டில் ஏறி, இங்கே ஒரு வருஷம் பெய்கிற மழை நம் ஊரில் ஐப்பசியில் இரண்டு நாளில் பெய்துவிடும் என்று பாடம் நடத்தினான். கேட்டுக்கொண்டிருந்தது இரண்டு ஒட்டகம். "குவைத் மணலு வேற தம்பி, இது வேற" என்று லியாகத் அலி மணிக்கு ஒருதரம் சொல்கிறார். எப்படி வேறு என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

காலையில் பல் கிட்டுகிற குளிர். வழியில் ஒரு கூரைக் கொட்டகையில் நாலு டீ சொன்னோம், ஒன்று சர்க்கரை இல்லாமல். ஒட்டகப்பால் டீ! கொஞ்சம் உப்புக் கரிக்கிறது, ஆனால் நன்றாக இருக்கிறது.

நீ இதையெல்லாம் பார்க்கவேண்டும் அக்கா. நிஜமாகச் சொல்கிறேன்.

செழியன்


திருப்பனந்தாள்
17.02.2025

தம்பிக்கு, நலம். மூன்று பேருக்கு நாலு டீ எதற்கு? அதில் சர்க்கரை இல்லாதது யாருக்கு? நீங்கள் மூன்று பேரும் சர்க்கரையை அள்ளிக் கொட்டிக் குடிக்கிறவர்கள் ஆயிற்றே.

உன் மச்சான் காசியிலிருந்து தினமும் சாயங்காலம் பேசுகிறார். கங்கையில் முங்கிக் குளித்தாராம். அவர் பேசும்போது பின்னால் புல்லட் சத்தம் கேட்டது. காசியிலும் புல்லட் இருக்கும்தான்.

சாவித்திரி


பிகானேர்
23.02.2025

அன்பு அக்காவுக்கு, நாங்கள் மூவரும் நலம். மூவர் என்றால் மூன்று பேர்தான். உன் கடிதத்தை ராஜராஜன் படம் பிடித்து அனுப்பினான். நாலாவது டீ கடைக்காரருக்கு. அவருக்குச் சர்க்கரை வியாதி. பாவம்.

இங்கே நடந்த கூத்தைக் கேள். பாலைவனத்துக்கு நடுவில் ஒரு பெரிய கால்வாய் ஓடுகிறது. இரண்டு பக்கமும் மணல்மேடு, நடுவில் நம் வெண்ணாறு மாதிரி தண்ணீர். யாரும் சொல்லாமலே எல்லா வண்டியும் நின்றுவிட்டன. கரையில் உட்கார்ந்து காலை நனைத்துக்கொண்டு வெயில் சாயும்வரை இருந்தோம். அன்றைக்குப் பக்கத்துக் கிராமத்திலேயே தங்கிவிட்டோம்.

காலையில் எங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், பல் விளக்க வாய்க்கால் பக்கம் போனார். வாய்க்கால் கரை வெட்டுப்பட்டுக் கடுகு வயலுக்குள் தண்ணீர் பாய்ந்துகொண்டிருக்கிறது. சுற்றிலும் ஆளில்லை. கரையில் ஒரு மண்வெட்டி கிடக்கிறது. நம் ஊரில் உடைப்பைக் கண்டவன் யார் வயல் என்று கேட்டுக்கொண்டா நிற்பான்? "அய்யய்யோ, ஒடப்பு! ஓடியாங்கடா!" என்று கத்திக்கொண்டே, மண்வெட்டியைத் தலைக்கு மேல் ஓங்கி ஓங்கி வெட்டிப் போட்டு, நாங்கள் போய்ச் சேர்வதற்குள் அடைத்து, மிதித்து, மேலே பூசியும் விட்டார். அவ்வளவு சுத்தமான வேலை.

அது உடைப்பே இல்லை அக்கா. அந்த வயலுக்கு முறைத் தண்ணீர். அங்கே ஒவ்வொரு வயலுக்கும் வாரத்தில் ஒரு தடவை, குறித்த நேரம் மட்டும்தான். கம்லா என்ற அம்மா தன் முறைக்கு மடையை வெட்டிவிட்டு, மாடு கறக்கப் போயிருக்கிறாள். திரும்பி வந்து பார்த்தால் மடை அடைபட்டு, அவள் தண்ணீர் அடுத்த வயலுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. பக்கத்தில் நாங்கள் ஊரைக் காப்பாற்றிய பெருமையில் நிற்கிறோம்.

திட்டினாள் பார்! முக்காட்டுக்குள் முகம் தெரியவில்லை. வயலைக் காட்டினாள், வானத்தைக் காட்டினாள், எங்கள் நாலு பேரையும், மூன்று பேரையும், காட்டினாள். லியாகத் அலி தன் குவைத்து இந்தியில் சமாதானம் சொன்னார். அவருக்குத் தெரிந்த சொல்லெல்லாம் சிமெண்டு, ஏணி, சம்பளம். அவளுக்குக் கோபம் கூடியது.

எனக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் கேட்கக் கேட்கச் சுகமாக இருந்தது. இப்படி ஒருத்தி முன்னால் தலைகுனிந்து நின்று எத்தனை நாளாயிற்று! உன் குரல் ஞாபகம் வந்துவிட்டது. பொலபொலவென்று கண்ணீர் கொட்டிவிட்டது. அந்த அம்மா நான் பயந்து அழுவதாக நினைத்துத் திட்டுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அதுதான் வருத்தம்.

அடுத்த முறைக்காரர் நல்லவர். தன் நேரத்தில் பாதியை அவளுக்கு விட்டுக்கொடுத்தார். பதிலுக்கு நாங்கள் இரண்டு வயலுக்கும் வரப்பை நம் ஊர் வரப்பு மாதிரி நேராக வெட்டி, சேறு பூசிக் கொடுத்தோம். ஊரே வந்து வேடிக்கை பார்த்தது. மத்தியானம் கம்லா வீட்டில்தான் சாப்பாடு. கம்பு ரொட்டி, பூண்டுச் சட்னி, மோர். பெயர் வேண்டாதவர் ஆறு ரொட்டி தின்றார்.

செழியன்


திருப்பனந்தாள்
28.02.2025

தம்பி, நலம் கேட்க இப்போது பொறுமை இல்லை.

அந்த ஒருவர் மண்வெட்டியைத் தலைக்கு மேல் ஓங்கினார் என்று எழுதியிருக்கிறாய். இரண்டு கையும் மேலே போனதா? வலது கையும் போனதா? "ஓங்கி ஓங்கி" என்று இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். அது எழுத்தழகுக்காகவா, நிஜமாகவே திரும்பத் திரும்ப ஓங்கினாரா?

விளையாட்டு வேண்டாம். உள்ளதை எழுது.

சாவித்திரி


நன்னிலம்
04.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

வலது கையும்தான். தலைக்கு மேலே. திரும்பத் திரும்ப.

நேற்று ஊருக்கு வந்து உன் கடிதத்தைப் பார்த்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்திருக்கிறேன் என்று புரிந்தது. மச்சான் பொங்கல் கழிந்து ஒருநாள் நன்னிலம் வந்தார். "இந்தக் கை இனிமே வயலுக்கு ஆகாதுடா செழியா" என்றார். "வீட்ல உக்காந்தா உங்கக்கா என்னயே பாத்துக்கிட்டு இருக்கா. ஒண்ணும் சொல்லமாட்டேங்குறா. அவ பாக்குறது எனக்குத் தாங்கல. என்னயும் எங்கயாவது கூட்டிட்டுப் போயேன்" என்றார். நான் எப்படி மாட்டேன் என்பேன்? காசி அவர் யோசனை. அதை மறைத்தது என் தப்பு.

அன்றைக்கு வேலை முடியும்வரை அவருக்குக் கை ஞாபகமே இல்லை. சாயங்காலம் கொடியில் உயரக் காய்ந்த துண்டை எட்டி எடுத்தவர், எடுத்த கையை அப்படியே வைத்துக்கொண்டு பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த ஊர்க்காரர்கள் எதற்கு என்று தெரியாமலே எங்களோடு சேர்ந்து ஆடினார்கள்.

போனிலேயே உன்னிடம் சொல்லத் துடித்தார். காசியில் எந்த உடைப்பை அடைத்தேன் என்று சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டார்.

இனி நீ என்ன சொன்னாலும் கேட்கிறேன் அக்கா. வண்டியை விற்கச் சொன்னாலும் விற்கிறேன். செம்மொழி கல்யாணத்தில் நீ என்னைப் பார்க்காமல் முகம் திருப்பிக்கொண்டு போனால் என்னால் தாங்கமுடியாது. ரோஷம் எல்லாம் சும்மா.

உன் தம்பி
செழியன்


23.03.2025

செழியா, நலமா என்று கேட்கப்போவதில்லை. கண்ணாலேயே பார்த்துக்கொள்கிறேன்.

காசிக்குப் போகிறவர் கையுறை வாங்கியபோதே எனக்குத் தெரியும். சட்டைப்பையில் ஜோத்பூர் டிக்கெட்டையும் பார்த்தேன். நான்தான் ஒன்றும் சொல்லவில்லை. அந்த மனுஷர் பாட்டு முனகியதை நான் வாயைத் திறந்து கெடுப்பேனா? அவர் போன பிறகு ஒவ்வொரு நாளும் சாயங்காலம் அவர் கூப்பிடும்வரை போனைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தேன். மெதுவாகப் போ, மெதுவாகப் போ என்று உனக்கு எழுதியது எதற்கு என்று நினைத்தாய்?

வந்தவர், காசித் தீர்த்தம் என்று ஒரு பாட்டிலை நீட்டினார். அடியில் மணல் தெரிந்தது. "சாமி மாடத்தில் வைங்க" என்றேன். உனக்குத் தெரியும், எங்கள் வீட்டு மாடம் என் தலைக்கும் மேலே. இவர் பேசிக்கொண்டே வலது கையால் தூக்கி வைத்துவிட்டு, "காப்பி இருக்கா?" என்று கேட்டார். நான் சமையற்கட்டுக்குள் போய் முந்தானையில் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். சிரிக்கவும் செய்தேன். காப்பி பொங்கி அடுப்பெல்லாம் போயிற்று.

கோயிலுக்குப் போய், சத்தியத்தை மாற்றிக்கொள்ளலாமா என்று பூக்கட்டிக் கேட்டேன். பொட்டலத்தில் வெள்ளைப் பூ வந்தால் சரி என்பது கணக்கு. முதல் தடவை சிவப்பு. அடுத்ததும் சிவப்பு. பூசாரி பொட்டலத்தை எடுத்து வைக்கப் போனார். "இருங்க, அம்மனுக்கு வெவரம் முழுசாத் தெரியல" என்று சொல்லி, கடுகு வயல், கம்லா, மண்வெட்டி எல்லாவற்றையும் அவள் காதில் விழும்படி சொன்னேன். அப்பா சைக்கிளையும் சொன்னேன். மூன்றாம் தடவை வெள்ளை வந்தது. வண்டிக்குப் பதிலாக மாவிளக்கு போடுகிறேன் என்று பேசி முடித்தாயிற்று.

வண்டியை விற்காதே. அந்தச் சத்தம் எனக்கும் வேண்டும்.

இதை உன் கையில் கொடுத்தவள் செம்மொழி. நாங்கள் உன் வாசலில்தான் நிற்கிறோம். என் கையில் தட்டு, தட்டில் முதல் பத்திரிகை. பின்னால் உன் மச்சான் அசடு வழிந்துகொண்டு நிற்கிறார். எத்தனை மாசத்துக் குரலடா, தொண்டையிலேயே கிடக்கிறது. மூன்று தடவை கூப்பிடவேண்டும் என்பது வழக்கம். ஆனால் எனக்கு மூன்றோடு நிற்காது.

படித்தது போதும். நிமிர்ந்து பாருடா, கூப்பிடுகிறேன்.